மலாவி மில்லுக்கு நான் வைத்த பூசை

நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. இந்த முறை ஆப்பிரிக்காவுக்குப் போகிற உங்கள் கூட்டத்தில் எஞ்சினியர் இருக்கிறார், எப்சம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் பிள்ளை ஒன்றும் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் உங்களில் ஒருவரும் இன்னும் ஒரு தெரியாத ஊருக்கு வாத்தியாராகப் போய் வந்ததில்லை. நான் போய் வந்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல. ஆகவே கொஞ்ச நேரம் நான் கதைக்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

இப்போது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. டாக்டர் இனிப் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். அதனால்தான் நித்யா, "அங்கிள், நீங்க பேசுறதையெல்லாம் அப்படியே எழுதிக் குடுங்க, புதுசா போறவங்களுக்கு உதவும்" என்று கேட்டது. நித்யா நம் குழுவை நடத்துகிற திருச்சிப் பிள்ளை. பகலில் ஆஸ்பத்திரி வேலை, மிச்ச நேரமெல்லாம் நம்மை ஊர் ஊராக அனுப்புகிற வேலை. என்ன ஊசி போட வேண்டும், என்ன மருந்து கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அது சொல்லும். நான் சொல்லப் போவது வேறு. ஒரு மில்லைப் பற்றி. உண்மையைச் சொன்னால், அந்த விஷயம் எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய கதைகளும் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் அவற்றைக் கேட்டு நீங்கள் என்னைப் புகழுவீர்களே தவிர, உங்களுக்கு ஒன்றும் உதவாது.

நான் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு விட்டு இங்கே வந்து, பென்ரோஸில் ஃபோர்க்லிஃப்ட் திருத்துகிற கராஜ் ஒன்றில் தரை கூட்டுகிறவனாகச் சேர்ந்தேன். பிறகு அந்தக் கராஜையே வாங்கினேன். அந்தப் பக்கத்து வேர்ஹவுஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், என் கையால் எழும்பாத ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிஷினைத் தூர நின்று காதால் கேட்டே என்ன வருத்தம் என்று சொல்லுவேன். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த ஆட்களில் நானும் ஒருவன். அப்படிப்பட்டவனைச் சந்திரனில் விட்டாலும் பயமில்லை என்று நினைத்துத்தான் மலாவிக்கு விமானம் ஏறினேன்.

நான் போன ஊர் தார் ரோட்டிலிருந்து வெகு உள்ளே. பெரிய மழை பெய்தால் லொறியும் வராது. அந்தச் சனத்துக்குச் சோளமாக் களிதான் சோறு. அதை அரைக்க ஊருக்கு ஒரு மில் இருந்தது: கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற பழைய டீசல் எஞ்சின், அதிலிருந்து ஒரு பெல்ட், அந்தப் பக்கம் அரைக்கிற பெட்டி. அதை ஓட்டி வந்தவர் பாண்டா என்கிற ஒரு மனிதர். எண்ணெய் பார்க்காமல் ஓட்டி எஞ்சினை இறுக வைத்துவிட்டார். அதன் பிறகு பெண்கள் சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து அடுத்த ஊர் மில்லுக்கு நடந்தார்கள். போய் வர அரை நாள் போய்விடும். என் வேலை எஞ்சினைத் திருத்துவது மட்டுமல்ல. அதை இனி ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஊர்ச் சனத்துக்குப் படிப்பிப்பது.

படிக்க வந்தவர்களில் ஒருத்தி எஸ்னாட். முப்பது வயது இருக்கும். புருஷன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலை தேடிப் போனவன். செய்தி ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தாள். என்னுடையது கராஜ் இங்கிலீஷ். நான் சொல்வதை அவள் தங்கள் பாஷையில் மாற்றி மற்றவர்களுக்குச் சொல்லுவாள். அவள் என்னோடு கதைத்ததை நான் இங்கே எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது. என்னை "அகோகோ" என்று கூப்பிடுவாள். தாத்தா என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னேன். "ஓம் அகோகோ" என்று தலையாட்டினாள்.

மில்லைப் பார்க்கிறவருக்கு அரைக்கிற மாவில் ஒரு பங்கு உண்டு. அது கிடைத்தால் எஸ்னாட்டின் வீட்டில் அடுப்பு எரியும். ஊர்த்தலைவரிடம் அவளுக்கே சாவியைக் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். கூட்டத்தில் சில ஆண்கள் சிரித்தார்கள். அந்த எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப ஒரு பெண்ணால் முடியுமா என்று கேட்டார்கள். தலைவர் என் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"வாத்தியார் போறதுக்கு முதல் மில் ஓட வேணும், சனம் வந்து மா அரைச்சுக்கொண்டு போக வேணும். ஓடினால் சாவி எஸ்னாட்டுக்கு. ஓடாட்டில் பழையபடி பாண்டாவுக்கு."

பாண்டாவும் அங்கேயே இருந்தார். தலையாட்டினார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

எஞ்சின் திருத்தியதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அது எனக்குப் பெரிய வேலையே அல்ல. ஒரு மாலையில் எஸ்னாட் கைப்பிடியைப் போட்டாள், உடம்பு முழுதையும் கொடுத்துச் சுற்றினாள், எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. சிரித்த ஆண்கள் சிரிப்பை விழுங்கினார்கள். நாளைக்குத் திறப்பு என்று முடிவானது. முடிவு தெரியும் வரைக்கும் வைத்திரு என்று தலைவர் கொடுத்த சாவியை எஸ்னாட் ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நம் கராஜில் புது மிஷின் வந்தாலும், பெரிய வேலை முடிந்து ஒரு மிஷின் வெளியே போனாலும், கற்பூரம் காட்டாமல் நான் விட்டதில்லை. மனைவி என் பெட்டியில் திருநீறும் குங்குமமும் கற்பூரமும் வைத்து அனுப்பியிருந்தாள். எலுமிச்சம்பழம் அந்த ஊரிலேயே கிடைத்தது. எஞ்சினுக்கு மூன்று குறி திருநீறு போட்டு நடுவில் பொட்டு வைத்தேன். பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதியை வைத்தேன். பெல்ட்டின் அடியில் ஒரு முழுப் பழம். கற்பூரம் கொளுத்திச் சுற்றிக் காட்டி, எனக்குத் தெரிந்த தேவாரத்தில் இரண்டு வரி பாடினேன். இதில் நான் யோசித்துச் செய்தது ஒன்றுமில்லை. கை தன்பாட்டில் செய்தது. பல் விளக்குவது போல.

சுற்றி ஊரே நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அழுத ஒரு பிள்ளையின் வாயைத் தாய் மெல்லப் பொத்தினாள். முன்னால் நின்ற ஒரு வயதான பெண் முழங்காலில் இருந்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எந்த நாட்டு மனுசன் எந்த நாட்டில் வந்து என்ன மரியாதை வாங்குகிறான் பார் என்று நினைத்தேன். கண்ணும் கலங்கியது, கற்பூரப் புகை என்றும் சொல்லலாம். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மிச்சத்தை எஸ்னாட் பார்த்துக்கொள்ளுவாள் என்று நினைப்பு.

தேத்தண்ணி குடித்து முடித்தும் எஞ்சின் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தால் மில் வாசலில் ஒருவரும் இல்லை. எஸ்னாட் மட்டும் கதவுக்கு வெளியே நிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சனம் எங்கை?"

"வீட்டை போயிட்டுதுகள், அகோகோ."

"சோளம் எடுக்கவோ?"

"நல்ல பூசை, அகோகோ. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிச்சினம்."

அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பெண்கள் சோளக் கூடையோடு மில்லைத் தாண்டி ஆற்றுப் பக்கம் நடந்தார்கள். மில்லுக்கு முன்னால் வரும்போது கதையை நிறுத்தினார்கள். என்னைக் கண்டால் முழங்காலை மடக்கிச் சிரித்து வணக்கம் சொன்னார்கள். இங்கேயே அரைக்கலாமே என்று நான் சைகையில் காட்டினால், ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஆற்றைக் கடந்தார்கள். கோபக்காரச் சனத்தை எனக்குத் தெரியும். பென்ரோஸில் நான் பார்க்காத கோபமா? சிரித்துக்கொண்டு விலகிப் போகிற சனத்தை என்ன செய்வது?

எஞ்சினில்தான் ஏதோ சந்தேகமாக்கும் என்று நினைத்து எஸ்னாட்டிடம் சாவியை வாங்கி நானே கிளப்பினேன். சத்தம் கேட்டுச் சனம் வந்தது. சுற்றி நின்று பார்த்தது. உள்ளங்கையைக் குவித்து மெதுவாகக் கைதட்டியது. அது அவர்களின் மரியாதை. நான் நிறுத்தினேன். சனம் போய்விட்டது. ஒருவர் கையிலும் ஒரு பிடி சோளம் இல்லை.

"எஸ்னாட், என்னிலை ஏதும் பிழையோ?"

"இல்லை, அகோகோ."

"பின்னை ஏன் வருகினமில்லை?"

"வருவினம்."

"எப்ப?"

நிலத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் தெரியும்."

உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். இந்தப் பதிலைக் கேட்டவுடன் நான் அங்கேயே உட்கார்ந்து, எனக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறாய், சொல்லு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. பிள்ளை வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். வகுப்பில் எல்லோரும் "ஓம்" என்று சொன்னால் எனக்கு எப்போதும் சந்தோஷம். நீங்கள் அப்படிச் சந்தோஷப்படாதீர்கள். அங்கே ஓம் என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நான் புறப்படுகிற நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. எஸ்னாட் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து கதவைத் திறந்து, நிலத்தைக் கூட்டி, எலுமிச்சம்பழத்தைத் தொடாமல் அதைச் சுற்றித் துடைத்துவிட்டு வாசலில் இருந்தாள். பாண்டா எதிரே மரத்தடியில் வந்து இருப்பார்.

ஊருக்கு வெளியே ஒரு கறையான் புற்று மேடு இருக்கிறது. அதில் ஏறினால்தான் போனில் சிக்னல். அங்கே காலை என்றால் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். நித்யாவுக்கு எடுத்தேன்.

"அங்கிள், பூஜையா பண்ணீங்க? குங்குமம் தடவின எலுமிச்சம்பழம் வேற! சிவப்பா இருந்திருக்குமே! சூனியம்னு பயந்திருப்பாங்க."

"பயந்த மாதிரித் தெரியேல்லையே பிள்ளை. ஒரு கிழவி முழங்கால்ல எல்லே இருந்தவ."

"பயத்துலதான் அங்கிள். பேசாம அதையெல்லாம் எடுத்துப் போட்டுருங்க. இது ஒண்ணுமில்ல, சும்மா எங்க பழக்கம்னு சொல்லிருங்க. சரியாயிடும்."

படித்த பிள்ளை, பல ஊரைப் பார்த்த பிள்ளை. சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் இறங்க மனம் வரவில்லை; மனைவிக்கும் எடுத்தேன். அவள் பாட்டனி டவுன்ஸ் சுப்பர்மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றாள்.

"என்னப்பா, சாப்பிட்டியளே?"

"அது கிடக்கட்டும்." நடந்ததைச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பூசைக்கு வைச்ச ஆயுதத்தை உடனை ஆராவது தொடுவினமே? விடியும் வரைக்கும் வைச்சு, அடுத்த நாள் கும்பிட்டெல்லே எடுக்கிறது. உங்கட கராஜில மட்டும்தான் கற்பூரம் அணைய முதல் ஸ்பானரைத் தூக்கிறது."

"கஸ்டமர் வாசல்ல நிக்கேக்க என்னெண்டு விடியும் வரைக்கும் வைக்கிறது?"

"சாமி நிக்கேக்க கஸ்டமரே பெரிசு?"

"இஞ்சரப்பா, இது கிறிஸ்தவச் சனம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போற சனம். எங்கட பூசையைப் பற்றி அதுகளுக்கு என்ன தெரியும்?"

"தெரியாட்டில் என்ன, பாத்தால் விளங்கும்தானே. சரி, வையுங்கோ, என்ரை முறை வந்திட்டுது."

நித்யா ஒன்று சொல்லுகிறது, வீட்டில் ஒன்று சொல்லுகிறாள். பயம் என்கிறது ஒன்று. மரியாதை என்கிறாள் மற்றவள். மேட்டிலிருந்து இறங்கும்போது எனக்கு நித்யா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. மனைவி சொன்னதை நான் நம்பவில்லை. உண்மையில் நம்ப விரும்பவில்லை.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் மில்லுக்குப் போனேன். எஸ்னாட் வருவதற்கு முன் பழங்களை எடுத்து எறிந்துவிடுவோம், சனம் வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது, கதை முடிந்தது என்று திட்டம். கீல் ஆணியைத் தட்டி எடுத்து அந்தக் கதவைச் சாவி இல்லாமலே திறப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. உள்ளே போய்க் குனிந்து ஒரு பாதிப் பழத்துக்குக் கையை நீட்டினேன். வாசலில் நிழல் விழுந்தது. பாண்டா.

அவருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். "எடுங்கோ ஐயா" என்றார். "ஒருத்தரும் பார்க்கேல்லை."

நான் கையை நீட்டியபடி நின்றேன். இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர். நான் தோற்றால் சாவி அவருக்கு. அப்படியானவர் எனக்கு ஏன் உதவுகிறார்? எடுத்த பிறகு, வாத்தியார் ஒளிச்சு எடுத்தார் என்று ஊருக்குச் சொல்லவா? எஸ்னாட் பார்த்துக்கொண்டிருந்த மில்லில் அவள் இல்லாத நேரம் எல்லாம் காணாமல் போனது என்று சொல்லவா? அல்லது மனுசன் உண்மையிலேயே என் நிலைமையைப் பார்த்து இரங்கினாரா? அவரின் முகத்தைப் பார்த்தேன். எஞ்சினின் சத்தத்தில் நோய் சொல்லுகிற எனக்கு அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஒளிச்சுச் செய்கிற வேலைக்கு ஒருவர் சம்மதம் சொன்னால் அந்த வேலையை நிறுத்த வேண்டும் என்று மட்டும் ஏதோ சொல்லியது. கையை எடுத்தேன். அது கெட்டித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது நினைத்தால் வெறும் பயமாகவும் இருக்கலாம்.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். எஸ்னாட்டையும் கூப்பிட்டேன். நாளைக்கு எனக்கு லொறி வருகிறது, இன்றைக்கு ஊரைக் கூட்டுங்கள், எனக்கு நேரே சொல்லுங்கள் என்றேன். பெரிய மரத்தடியில் சனம் கூடியது. நான் தலைவரைக் கேட்டேன், எஸ்னாட் மாற்றிச் சொன்னாள்.

"ஏன் ஒருவரும் மா அரைக்க வருகினமில்லை? என்ரை பூசைக்குப் பயமோ?"

தலைவருக்கு அந்தக் கேள்வி விளங்கவே நேரம் எடுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். எஸ்னாட் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"என்னத்துக்குப் பயம்? நீங்கள் எங்கட கண்ணுக்கு முன்னாலை அந்த மிஷினைக் கடவுளுக்குக் குடுத்தனீங்கள். பாடிக் குடுத்தனீங்கள். உங்கட கடவுள் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. கடவுள் கடவுள்தானே. குடுத்ததை நாங்கள் எடுக்கேலாது. குடுத்த ஆள்தான் திருப்பிக் கேக்க வேணும். நீங்கள் கேக்கேல்லை. பழம் அங்கையே இருக்கு."

"நான்தானே ஏன் வரேல்லை, ஏன் வரேல்லை எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சனான்!"

"ஓம். எங்களைச் சோதிக்கிறியளாக்கும் எண்டு நினைச்சம்."

"எப்ப முடியுமெண்டு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

தலைவர் சங்கடப்பட்டார். "ஒரு பெரியவரிட்டைப் போய், உங்கட பூசை எப்ப முடியுமெண்டு எப்பிடிக் கேக்கிறது? உங்கட ஊரிலை ஒரு கிழமை, ஏழு நாள் எடுக்குமாக்கும் எண்டு இருந்தம்."

அந்தப் பெண்கள் இத்தனை நாளும் ஆற்றைக் கடந்து நடந்தது என் கற்பூரத்துக்கு மரியாதை கொடுத்து. அதைவிட மோசமான ஒன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சனம் பொறுமை இழந்தபோதெல்லாம், அவர் சாமி கும்பிடுகிற மனுசன், பொறுங்கோ என்று சொல்லிச் சொல்லி அவர்களை நிறுத்தியவள் எஸ்னாட்தான். அவளுக்கு வர வேண்டிய சாவியை அவளே எனக்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் முடிவாகச் சொன்னார்: சொன்ன சொல் சொன்னதுதான். வாத்தியார் போவதற்கு முன் சனம் அரைக்க வேண்டும்.

பாண்டா எதிர்வரிசையில் இருந்தார். எஸ்னாட் தலைவரைப் பார்க்கவில்லை, பாண்டாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். சாவிக் கயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

நான் எழும்பினேன். நித்யா சொல்லித் தந்தது நாக்கு நுனியில் நின்றது: இது ஒன்றுமில்லை, சும்மா பழக்கம். அதைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் முழங்காலில் இருந்த அந்த வயதான பெண் முன்வரிசையில் இருந்தாள். ஒன்றுமில்லை என்றால் அவள் எதற்கு முழங்காலில் இருந்தாள்? ஒன்றுமில்லாததற்கா எஸ்னாட் இவ்வளவு நாளும் சனத்தைக் காக்க வைத்தாள்? சரி, அது பெரிய விஷயம் என்று சொல்லலாம் என்றால், அந்தப் பெரிய விஷயத்தை நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. கற்பூரம் அணையும் முன் ஸ்பானரைத் தூக்குகிறவன் நான்.

ஆகவே எல்லாவற்றையும் கதைத்தேன். பென்ரோஸில் தரை கூட்டியதில் தொடங்கினேன். கராஜை வாங்கியதைச் சொன்னேன். வாசலில் நிற்கிற கஸ்டமரைச் சொன்னேன். மனைவி மீன் வரிசையில் நின்று சொன்னதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் இறைக்கிற மிஷினுக்கு அப்பா திருநீறு பூசியதைச் சொன்னேன். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை என்றும் சொன்னேன். கடவுள் எஞ்சினை வைத்து என்ன செய்யப் போகிறார் என்றேன். உடனே அப்படிச் சொன்னது பிழை என்றேன். உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்றேன், நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன், எதற்கு என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. கதைக்கக் கதைக்க எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துபோனது. எஸ்னாட் இடையில் மாற்றிச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கடைசியில் எனக்கு மூச்சு முட்டி நிறுத்தினேன்.

அவள் சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஒரே ஒரு வசனம் சொன்னாள். அதுவும் சின்ன வசனம்.

முன்வரிசையில் இருந்த வயதான பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். எழும்பி வீட்டுக்குப் போனார்கள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் அங்கேயே இருந்துவிட்டேன். எஸ்னாட் மில்லுக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். எஞ்சினுக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்தாள். காய்ந்துபோன பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த துணியின் ஒரு முனையில் முடிந்தாள். திருநீற்றை அழிக்கவில்லை. கைப்பிடியைப் போட்டாள். முதல் சுற்றில் கிளம்பவில்லை. நான் போய்ப் பிடிப்போமா என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். "நில்லுங்கோ அகோகோ" என்றாள். இரண்டாம் தடவை சுற்றினாள். கிளம்பியது.

சத்தம் கேட்ட பிறகு பார்த்தேன், வீட்டுக்குப் போன சனம் சோளத்தோடு வந்துகொண்டிருந்தது. கூடை, சாக்கு, வாளி. வரிசை மரத்தடி வரைக்கும் போனது. நடுவில் பாண்டாவும் ஒரு தகரம் நிறையச் சோளத்தோடு நின்றார். தன் முறை வந்ததும் எஸ்னாட்டிடம் கொடுத்து அரைத்து வாங்கிக்கொண்டு போனார். தலைவர் ஒரு பிடி மாவைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். சாவியைப் பற்றி ஒருவரும் பிறகு கதைக்கவில்லை. அது அவள் கழுத்திலேயே இருந்தது.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நித்யா கேட்டது. பெட்டியில் கற்பூரம் கொண்டு போகாதீர்கள் என்று எழுதப் போனேன்; அடித்துவிட்டேன். கொண்டு போங்கள் என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். உங்கள் கை தன்பாட்டில் செய்கிற வேலை எது என்று விமானம் ஏறுவதற்கு முன் யோசித்துப் பாருங்கள், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். யோசித்தாலும் தெரியாது. நீங்கள் கவனிக்காமல் செய்வதை அந்தச் சனம் கவனித்துப் பார்க்கும். நீங்கள் கவனித்துச் செய்வதைச் சில வேளை பார்க்காது.

அடுத்த நாள் லொறி வந்தது. ஏறுவதற்கு முன் மில்லடிக்குப் போனேன். எஸ்னாட் முடியெல்லாம் மாவாக வெளியே வந்தாள்.

"எஸ்னாட், நான் அவ்வளவு நேரம் கதைச்சன். நீ ஒரு வசனத்திலை முடிச்சிட்டாய். என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னன்."

"நான் எத்தினையோ சொன்னனே."

"ஓம் அகோகோ. அதிலை ஒண்டைச் சொன்னன்."

"எதை?"

உள்ளே ஒரு பெண் கத்தினாள். பெல்ட் நழுவி எஞ்சின் சத்தம் மாறியது. எனக்கு முன்னால் அவள் காதுக்கு அது கேட்டுவிட்டது, ஓடிவிட்டாள். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. முதலில் எஞ்சினை நிறுத்தினாள், சக்கரம் நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகுதான் பெல்ட்டில் கை வைத்தாள். சரியாகத்தான் செய்தாள். எதைச் சொன்னாள் என்று தெரியாமலே நான் போய் லொறியில் ஏறினேன்.